போரில் நின்றவரையும் போர் துரத்தியவரையும் ஒரே அமர்வில் வாசிக்கலாமா?

நிலவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசிப்புக் குழுவில், போருக்கு எதிரான கவிதைகளையும் படங்களையும் நான்கு அமர்வுகளில் எடுத்துப் பேசுவதாக இருக்கிறோம். போரைத் தொலைவிலிருந்து கண்டித்தவர்களை இம்முறை விட்டுவிட்டு, துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டுத் திரும்பியவர்கள், போரால் ஊரைவிட்டு ஓட நேர்ந்தவர்கள் ஆகிய இரு சாராரின் படைப்புகளை மட்டும் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம். போர் எப்படி இருக்கும் என்று இவர்கள் ஊகிக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

பேச்சளவில் இருந்தவரை சிக்கல் எழவில்லை. பட்டியல் போட உட்கார்ந்ததும் இரண்டு எதிர்ப்புகள் வந்தன. போரில் வீட்டை இழந்த குடும்பத்தில் பிறந்த உறுப்பினர் ஒருவர் இப்படிக் கேட்டார்: சுட்டவனுக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சுடப்பட்டவளுக்கு வீடு இல்லை என்பதையும் அடுத்தடுத்து வாசித்தால், கேட்பவர் மனத்தில் இரண்டும் ஒரே நிறையுள்ள துயரங்களாகிவிடாதா? இன்னொருவருடைய ஐயம் படங்களைப் பற்றியது. போரை எதிர்ப்பதாகச் சொல்லும் படத்திலும் குண்டு வெடிக்கத் தொடங்கியதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். அந்தக் கிளர்ச்சியை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தச் சொல்வதில் என்ன நேர்மை இருக்கிறது என்றார் அவர்.

இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. இவ்வகைப் படைப்புகளைப் படித்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், திரையிட்ட பட்டறிவு உள்ளவர்கள் இங்கே இருந்தால், எதை எடுக்கலாம், எந்த வரிசையில் வைக்கலாம் என்று சொல்லுங்கள். பரிந்துரைகளைவிட அவற்றுக்கான காரணங்களே எனக்கு முதன்மையாக வேண்டும்.


கார்குழலி எழுதியது:

நிலவன், முதல் எதிர்ப்பை எழுப்பியவரைச் சமாதானப்படுத்த முயல வேண்டாம். அவர் கேட்டது சரியான கேள்வி. போர்வீரர்களுடைய கவிதைகளில் நல்லவை எல்லாம் அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவை என்றுகூடச் சொல்லலாம். கவிதையை மட்டும் வைத்து எழுதுகிறேன். படங்களைப் பற்றி வேறு யாராவது சொல்வார்கள்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் அதிகாரியாக இருந்த சீக்ஃப்ரீட் சசூன், வீரத்துக்காகப் பதக்கம் பெற்றவர். தற்காப்புக்காகத் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராகிவிட்டது என்றும், அதை நிறுத்தக்கூடியவர்களே வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள் என்றும் 1917ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதி, இனிப் பணிக்குத் திரும்ப மறுத்தார். ஜூலை மாதத்தில் அது நாடாளுமன்றத்திலேயே வாசிக்கப்பட்டது. படைத்துறை நீதிமன்றத்தில் அவர் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நண்பர் ராபர்ட் கிரேவ்ஸின் தலையீட்டால், மனம் பாதிக்கப்பட்டவர் என்ற பெயரில் எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். நண்பர் நல்லெண்ணத்தில் செய்தது அரசுக்கும் வசதியாகப் போயிற்று, ஏனென்றால் ஓர் எதிர்ப்பை நோய் என்று பதிவு செய்துவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

அதே மருத்துவமனையில் எறிகணை அதிர்ச்சி எனப்பட்ட மனக்குலைவுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த இளைஞர்தான் வில்ஃப்ரெட் ஓவன். சசூனின் நட்பு அவருடைய கவிதையை ஓராண்டுக்குள் உருமாற்றியது. தாய்நாட்டுக்காகச் சாவது இனிது என்ற ஹொரேஸின் பழைய லத்தீன் வரியை எடுத்து, நச்சுவாயுவில் மூச்சுத் திணறிச் சாகும் ஒருவனை அதன் அருகில் வைத்துப் பார்க்கச் சொன்ன கவிதையை எல்லோரும் அறிவார்கள். உங்கள் அமர்வுக்கு நான் சொல்வது அது அன்று. தான் கொன்ற எதிரியைப் பாதாளத்தில் சந்திக்கும் கவிதை. அதில் பேசுபவன் பெரும்பாலும் கொல்லப்பட்டவனே. கொன்றவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். உங்கள் உறுப்பினரின் கேள்விக்கு அந்தக் கவிதை அமைந்திருக்கும் முறையிலேயே ஒரு விடை இருக்கிறது: தன் வலியை முன்னே வைக்காமல், தன்னால் மடிந்தவனுக்குப் பேச இடம் விட்டு ஒதுங்குகிறது அது.

ஆனால் இவர்களைத் தூய அமைதிவாதிகளாக ஆக்கிவிடாதீர்கள். சசூன், ஓவன் இருவருமே 1918இல் மீண்டும் முனைக்குப் போனார்கள். ஓவன் அந்த அக்டோபரில் நிகழ்ந்த சண்டைக்காகப் பதக்கம் பெற்று, நவம்பர் 4ஆம் நாள், போர் நிற்க ஒரு வாரம் இருக்கையில், 25 வயதில் கொல்லப்பட்டார். போரை வெறுத்தவர் ஏன் திரும்பிப் போனார் என்பதைப் பேசாமல் அவருடைய கவிதைகளை மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பு. உடன் இருந்தவர்களை விட்டுவர முடியவில்லை என்பது ஒரு விடை. அந்த விசுவாசத்தைத்தான் எல்லாப் படைகளும் நம்பியிருக்கின்றன என்பது அதன் மறுபக்கம்.

வியட்நாம் போரில் இது வேறு வடிவம் எடுத்தது. ஓவனின் கவிதைகளில் பெரும்பாலானவை அவர் இறந்த பிறகே அச்சேறின. அமெரிக்க வீரர்களோ போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் இயக்கமாகச் சேர்ந்து எழுதினார்கள். 1967இல் போருக்கு எதிரான வியட்நாம் படைவீரர்களின் அமைப்பு உருவானது. 1971 ஏப்ரலில் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னே தங்கள் பதக்கங்களை விட்டெறிந்தார்கள். அடுத்த ஆண்டு, லாரி ராட்மன், ஜான் பேரி, பேசில் பாக்கே என்ற மூன்று முன்னாள் வீரர்கள் சக வீரர்களின் கவிதைகளைத் தொகுத்து, பதிப்பகங்களுக்காகக் காத்திராமல் தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கி வெளியிட்டார்கள். மக்களின் இதயங்களையும் மனங்களையும் வெல்வோம் என்று அரசு சொல்லிவந்த முழக்கத்தையே நூலுக்குப் பெயராக வைத்தார்கள். அதில் பல கவிதைகள் கவிதைகளாகச் சுமாரானவை. ஆயினும் அவற்றைத் தவிர்க்க வேண்டாம். எழுதத் தெரிந்தவன் போருக்குப் போய்வந்து எழுதியதற்கும், போருக்குப் போய்வந்ததால் எழுத நேர்ந்தவன் எழுதியதற்கும் உள்ள வேறுபாடு அவற்றில்தான் தெரியும்.

இதன் தொடர்ச்சியாக நடந்த ஒன்றை நீங்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும். போர்க்களத்தில் வியட்நாமிய வீரர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஆவணங்களை அமெரிக்கப் படை நுண்படச் சுருள்களாக்கி வைத்திருந்தது. உளவுத் தகவலுக்காகச் சேர்த்த அந்தக் குவியலில் நாட்குறிப்புகளும் கைப்பட எழுதிய கவிதைகளும் கிடந்தன. வியட்நாமில் போரிட்ட கவிஞர் புரூஸ் வைகல், தான்ஹ் நுயென் என்ற மொழிபெயர்ப்பாளருடன் சேர்ந்து அவற்றிலிருந்து சிலவற்றை ஆங்கிலமாக்கி 1994இல் நூலாகக் கொண்டுவந்தார். எதிரியின் சட்டைப்பையிலிருந்து எடுத்த தாளை, எடுத்த படையைச் சேர்ந்த ஒருவரே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்துக் கவிதையாக வாசித்துத் தருகிறார். தன் தூக்கமின்மையைப் பற்றி எழுதுவதைவிட இது கடினமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

வரிசையைப் பற்றி ஒரு யோசனை. ஈராக்கில் ஓராண்டு போரிட்ட பிரையன் டர்னரின் முதல் தொகுப்பும், ஈராக்கை விட்டு 1990களில் வெளியேற நேர்ந்த துன்யா மிக்காயிலின் ஒரு தொகுப்பின் ஆங்கில வடிவமும் 2005ஆம் ஆண்டில்தான் வெளியாயின. டர்னரிடம் ஒரு தோட்டாவை நோக்கி நேரடியாகப் பேசும் குரல் இருக்கிறது. மிக்காயிலோ, போர் என்பதை ஓயாமல் உழைக்கும் ஒரு ஊழியராக உருவகித்து, அதன் சுறுசுறுப்பைப் பாராட்டிக்கொண்டே போகிறார். பாராட்டு நீள நீள நமக்குக் குளிரெடுக்கிறது. இருவரையும் ஒரே அமர்வில் வையுங்கள். ஆனால் மிக்காயிலை முதலில் வாசியுங்கள். வீரனின் குரலை முதலில் கேட்டுவிட்டால் அகதியின் குரல் அதற்குப் பின்னிணைப்பாகிவிடும். நிறையைப் பற்றிய கவலைக்கு ஓரளவாவது வரிசையால் பதில் சொல்லலாம்.


ஒளிநாடா எழுதியது:

கார்குழலி அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் படத்தொகுப்பில் வேலை செய்பவன். ஆகவே இரண்டாவது எதிர்ப்பு எனக்குத் தொழில் சார்ந்த கேள்வி.

உங்கள் நண்பர் சொன்னதற்கு, போரில் இருந்த ஒருவரே சாட்சி. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க மரைன் வீரராக இருந்த அந்தனி ஸ்வோஃபர்ட், தன் நினைவுக்குறிப்பு நூலில், போருக்குப் புறப்படுமுன் தாங்கள் கூடியிருந்து வியட்நாம் போர்ப் படங்களை வரிசையாகப் பார்த்ததை எழுதியிருக்கிறார். அந்தப் படங்களின் இயக்குநர்கள் போரைக் கண்டித்தே எடுத்திருந்தார்கள். பார்த்த வீரர்களோ வெறியேறிக் கத்தினார்கள். இயக்குநரின் நோக்கம் எதுவாயினும் படைவீரனுக்கு அவை போருக்கு ஆதரவான படங்களே என்பது அவருடைய முடிவு. இதற்கான காரணத்தைத் தொகுப்பு மேசையில் உட்கார்ந்தால் எளிதாகக் காணலாம். வெட்டின் வேகமும் ஒலியின் அழுத்தமும் கதை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. ஹெலிகாப்டர் தாழப் பறந்து வரும் காட்சியை எவ்வளவு வருத்தத்தோடு எடுத்தாலும் அது பறக்கத்தான் செய்யும்.

ஆகவே நான் தேடுவது, சண்டையைக் காட்ட மறுத்த படங்களை. முன்னாள் வீரர்களும் அகதிகளும் எடுத்தவற்றில் அப்படிப்பட்டவை மிகுதியாக இருப்பது தற்செயல் அன்று என்று நினைக்கிறேன்; பார்த்தவனுக்கு அதை மறுபடி நடத்திக்காட்டும் ஆசை குறைவு.

1971 ஜனவரி இறுதியில் டெட்ராய்ட் நகரில், வியட்நாமிலிருந்து திரும்பிய நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் கூடி, தாங்கள் செய்தவற்றையும் கண்டவற்றையும் மூன்று நாட்கள் பொதுவில் சொன்னார்கள். அதைப் படமாக்கிய ஆவணப்படம் அடுத்த ஆண்டு வந்தது. பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. ஒரு மேசை, ஒலிவாங்கி, பேசும் முகங்கள். அவ்வளவுதான். கிளர்ச்சிக்கு அங்கே இடமே இல்லை. தாடியும் நீண்ட முடியுமாக அமர்ந்திருக்கும் ஒருவர் தான் செய்ததைச் சொல்லும் இடைவெளியில் அவர் சிகரெட்டைப் பிடித்திருக்கும் விரல்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கும் முன்பே, அமெரிக்கப் படையில் பணியாற்றிய இயக்குநர் ஜான் ஹியூஸ்டன், இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய வீரர்களை மருத்துவமனையில் வைத்து 1946இல் ஓர் ஆவணப்படம் முடித்தார். படத்தை எடுக்கச் சொன்ன படைத்துறையே அதை வெளியிட மறுத்தது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. 1980 வரை மக்கள் அதைப் பார்க்க முடியவில்லை. அந்தக் காரணத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. பேசத் தடுமாறும் ஒரு மனிதனின் முகத்தை எல்லாக் காலத்துக்குமாகப் பதிவு செய்ய நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி, கேட்டவர் தவறானவர் என்பதால் தவறாகிவிடாது.

அடுத்து இரண்டு படங்கள், இரண்டும் முகத்தை நேரடியாகக் காட்டாதவை. கம்போடியாவின் ரித்தி பான், கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரையும் உடன்பிறந்தோர் சிலரையும் பட்டினிக்கும் கடும் உழைப்புக்கும் பறிகொடுத்து, 1979இல் தாய்லாந்து அகதி முகாமுக்கும் அங்கிருந்து பிரான்ஸுக்கும் போன சிறுவன். 2013இல் அவர் தன் குடும்பத்தின் கதையைச் சொல்ல வந்தபோது, அக்காலத்துக் காட்சிகளாகக் கிடைத்தவை பெரும்பாலும் ஆட்சியாளர்களின் பரப்புரைப் படச்சுருள்கள். ஆகவே களிமண்ணில் சின்னஞ்சிறு உருவங்களைச் செதுக்கவைத்து, வண்ணம் பூசச் செய்தார். அவை அசைவதில்லை. பசியில் கிடக்கும் ஒரு மண்பொம்மையைப் பார்த்து யாரும் வெறியேறிக் கத்த முடியாது. கான் விழாவில் அதற்கு விருது கிடைத்தது என்பதைவிட, அந்தப் பொம்மைகள் கைகளால் செய்யப்பட்டவை என்பதைப் படம் முழுக்க மறக்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிது.

மற்றது ஆரி ஃபோல்மனின் 2008ஆம் ஆண்டு அசைவூட்டப் படம். 1982இல் லெபனானுக்குள் நுழைந்த இஸ்ரேலியப் படையில் இளம் வீரராக இருந்த அவர், பெய்ரூத்தின் சாப்ரா, ஷத்திலா அகதி முகாம்களில் லெபனானிய ஆயுதக் குழுவினர் பாலஸ்தீனியரைக் கொன்றபோது தான் எங்கே இருந்தேன் என்பது நினைவில்லாமல் போனதைத் தேடிச் செல்கிறார். கடைசி நிமிடங்களில் வரைந்த காட்சிகள் விலகி, முகாமின் உண்மைக் காட்சிகள் வருகின்றன. உங்கள் முதல் எதிர்ப்பாளர் இந்தப் படத்தைப் பார்த்தால் கோபப்படுவார், படவேண்டும். முழுப் படமும் வீரனின் மறதியைச் சுற்றியே சுழல்கிறது, செத்தவர்களின் மக்கள் அந்த இறுதி நிமிடங்களில்தான் நடுவுக்கு வருகிறார்கள். இது அந்தப் படத்தின் குறையா, வீரர்கள் எடுக்கும் எல்லாப் படங்களின் இயல்பான எல்லையா என்று விவாதிக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஜப்பானின் மசாகி கோபயாஷி, படையில் பதவி உயர்வை ஏற்க மறுத்துக் கடைநிலை வீரராகவே இருந்தவர். மஞ்சூரியப் போர்க்களத்தை வைத்து 1959 முதல் 1961 வரை மூன்று பாகங்களில் எடுத்த படமும் உண்டு. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். உங்கள் குழுவின் பொறுமை எனக்குத் தெரியாததால் பரிந்துரைக்கவில்லை.


முல்லை எழுதியது:

மேலே உள்ளவற்றை எல்லாம் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் கேள்வியிலேயே ஒரு பிரிவினை இருக்கிறது: வீரர் ஒரு பக்கம், அகதி ஒரு பக்கம். நான் ஈழத்திலிருந்து வந்தவள். எங்களிடம் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை.

ஷோபாசக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இளவயதில் இயக்கத்தில் சேர்ந்து, பின் விலகி, பிரான்ஸில் அகதியானவர். தமிழில் போரைப் பற்றி எழுதியவர்களில் எந்தப் பக்கத்தையும் விட்டுவைக்காதவர். அவரை உங்கள் நான்கு அமர்வுகளில் எதில் வைப்பீர்கள்? பிரெஞ்சு இயக்குநர் ஒருவர் எடுத்து, 2015இல் கான் விழாவின் உயரிய விருதைப் பெற்ற படத்தில், பொய்க் குடும்பம் ஒன்றோடு பிரான்ஸுக்கு வந்து சேரும் முன்னாள் போராளியாக அவரே நடித்தார். ஒளிநாடா சொன்னதற்கு இதுவும் எடுத்துக்காட்டு: படத்தின் முக்கால் பங்கு, மொழி தெரியாத இடத்தில் ஒரு மனிதன் துடைப்பமும் சாவிக்கொத்துமாக வாழப் பழகுவதை அழகாகக் காட்டுகிறது, உச்சக்கட்டத்தில் அவனைத் திரும்பவும் ஆயுதம் எடுக்க வைக்கிறது. போரிலிருந்து தப்பி வந்தவனிடமும் பார்வையாளர் எதிர்பார்ப்பது சண்டையைத்தானோ என்று எங்களில் பலர் அன்று பேசிக்கொண்டோம்.

நான் சொல்ல வந்தது வேறொன்று. அகதியாக விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் கவிதைக்கு முன்பே ஒரு கதையைச் சொல்லியிருக்கிறோம். நாங்கள் அதைக் கேஸ் என்போம். எந்த ஆண்டு, எந்த மாதம், ஷெல் விழுந்தபோது வீட்டில் எத்தனை பேர், முதல் நேர்காணலில் மூன்று பேர் என்றீர்கள், இப்போது நான்கு என்கிறீர்களே, ஏன்? என்னிடம் அப்படிக் கேட்டார்கள். நான்காவது ஆள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. எங்கள் பங்கருக்குள் ஓடிவந்தவள். வீட்டில் இருந்தவர்களோடு அவளை எண்ணுவதா வேண்டாமா என்பது எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அலுவலகத்தில் அது முரண்பாடு. கவிதையில்தான் அந்தத் தயக்கத்தை அப்படியே வைக்க முடிந்தது. அகதிகள் ஏன் கவிதை எழுதுகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் காரணம் இதுதான்: அங்கே எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆப்கானிஸ்தானிலிருந்து சிறுவயதில் தப்பி டென்மார்க் சேர்ந்த ஒருவரின் கதையை, அவருடைய பள்ளித் தோழரான இயக்குநர் 2021இல் அசைவூட்டப் படமாக்கினார். கதை சொல்பவரின் பெயரும் முகமும் மாற்றப்பட்டிருக்கின்றன. குடும்பத்தில் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்லும்படி கடத்திவந்தவர் சொல்லிக்கொடுத்ததால், அந்தப் பொய்யை அவர் ஆண்டுக்கணக்கில் நண்பர்களிடமும் காத்துவந்தார். உண்மையைச் சொல்ல அவருக்கு வரையப்பட்ட முகம் ஒன்று தேவைப்பட்டது. முகம் மறைத்தவர் பேச்சை நம்பலாமா என்று கேட்பவர்கள், முகம் காட்டியதால் ஊரில் மிஞ்சியவர்களுக்கு என்ன நேரும் என்று யோசித்ததில்லை.

ஆப்கான் இயக்குநர் ஹசன் ஃபாசிலி, தாலிபானின் கொலை மிரட்டலுக்குத் தப்பி மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஐரோப்பாவை நோக்கி நடந்த நீண்ட பயணத்தை மூன்று கைப்பேசிகளில் படமாக்கியதையும் சேருங்கள். வழியில் ஓர் இடத்தில் மகள் காணாமல் போகிறாள். தேடி ஓடும்போதே, இது எவ்வளவு நல்ல காட்சியாக இருக்கும் என்ற எண்ணம் தனக்குள் தோன்றிவிட்டதையும், அதற்காகத் தன்னையே வெறுத்ததையும் அவர் படத்தில் ஒப்புக்கொள்கிறார். படம் எடுக்கும் அகதிக்குள்ளேயே பார்வையாளன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர் அரிது.

தமிழிலிருந்து இரண்டு. 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பில் 31 கவிஞர்களின் 82 கவிதைகள் உள்ளன. அவற்றை எழுதியவர்கள் பலர் அப்போது வீரரும் இல்லை, அகதியும் இல்லை, ஆகிக்கொண்டிருந்தார்கள். பின்னர் அவர்களில் சிலர் உலகம் முழுக்கச் சிதறினார்கள். சிதறுமுன் எழுதியதை வாசிப்பது வேறு மாதிரி வலிக்கும்.

மற்றது புறநானூற்றின் 112ஆம் பாட்டு. மூவேந்தரும் சூழ்ந்து பாரியைக் கொன்ற பிறகு அவன் பெண்கள் பாடியது. சென்ற மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. பள்ளியில் படித்துப் படித்து அதை வெறும் செய்யுளாக்கிவிட்டோம். வீடிழந்த இரண்டு பெண்கள், ஐந்தே வரிகள். வாளும் குருதியும் கிடையாது. போரின் சத்தமாக வெற்றி முரசு மட்டும் ஒரு சொல்லில் வந்து போகிறது. உங்கள் இரண்டாவது நண்பர் நிமிர்ந்து உட்காரவே மாட்டார்.


கல்தச்சன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இவற்றால் எந்தப் போர் நின்றது? சாம் ஹாமில் என்ற அமெரிக்கக் கவிஞர் இளமையில் மரைன் படையில் இருந்தவர். 2003 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் நடக்கவிருந்த கவிதைக் கருத்தரங்குக்கு அதிபரின் மனைவி அவரை அழைத்தபோது, ஈராக் போருக்கு எதிரான கவிதைகளை அனுப்பும்படி சக கவிஞர்களைக் கேட்டார். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. கருத்தரங்கு தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் மாதம் போர் தொடங்கிவிட்டது. கவிதைகளால் நிறுத்த முடிந்தது ஒரு கருத்தரங்கை. ஏளனமாகச் சொல்லவில்லை, உங்கள் குழுவில் இந்தக் கேள்வி எழும், அதற்கு அணியமாக இருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.


கார்குழலி எழுதியது:

கல்தச்சன் சொன்னதை மறுக்க என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் முல்லை புறநானூற்றை எடுத்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோவூர் கிழார் வீரரும் அல்லர், அகதியும் அல்லர். ஆகவே நிலவனின் திட்டத்துக்குள் வரமாட்டார். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும், நீங்கள் இருவரும் ஒரே குடி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று அவர் எடுத்துச் சொன்ன பாட்டு 45ஆவது. அதனால் முற்றுகை நின்றதா என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்லவில்லை. அடுத்த பாட்டில், பகைவன் மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளை யானையின் காலில் இட இருந்த கிள்ளிவளவனிடம் அவர் பேசுகிறார். யானையைப் பார்த்த வியப்பில் பிள்ளைகள் அழுகையை மறந்துவிட்டார்கள், கூடியிருப்பவர்களை மருண்டு பார்க்கிறார்கள் என்று மட்டும் காட்டுகிறார். அந்தப் பாட்டின் அடிக்குறிப்பில் ‘பாடி உய்யக்கொண்டது’ என்று இருக்கிறது. போர் நின்றதாக எங்கும் இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள்.


நிலவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முல்லையின் பதிவைக் குழுவில் வாசித்துக் காட்டினேன்; முதல் எதிர்ப்பை எழுப்பியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, வீரர்களை நீக்க வேண்டாம், ஆனால் அவர்களைக் கொண்டு தொடங்க வேண்டாம் என்றார்.

ஆகவே இப்படி அடுக்கியிருக்கிறோம். முதல் அமர்வில் பாரி மகளிர், 1985 தொகுப்பிலிருந்து சில கவிதைகள், மிக்காயில். இரண்டாவதில் மண்பொம்மைப் படம் முழுமையாக. மூன்றாவதில்தான் வீரர்கள்: ஓவனின் பாதாளக் கவிதை, டர்னர், டெட்ராய்ட் ஆவணப்படத்திலிருந்து ஒரு பகுதி, அதற்குப் பின் கைப்பற்றப்பட்ட தாள்களிலிருந்து மொழிபெயர்த்த கவிதைகள். நான்காவது ஷோபாசக்திக்கு, அவரை எதில் வைப்பீர்கள் என்று முல்லை கேட்டதற்கு எங்களால் கண்டுபிடிக்க முடிந்த விடை தனி அமர்வுதான். ஃபோல்மனின் படத்தைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

ஒரே ஒரு கேள்வி மீதம். பார்க்க வருபவர்களில் போரைக் கண்டவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கடைசியில் பேச அழைக்கலாமா?


முல்லை எழுதியது:

அழைக்க வேண்டாம். பேச விரும்புபவர் தாமாகப் பேசட்டும். இத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் விளக்குப் போட்டவுடன் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டி, உங்கள் பட்டறிவைச் சொல்லுங்கள் என்றார்கள். படத்தில் பார்த்தது போதாமல் உயிரோடு ஓர் ஆளும் தேவைப்பட்டது போலிருந்தது. மறுக்கத் தெரியாமல் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வந்தேன்; அடுத்த திரையிடலுக்குப் போகவில்லை.

என்ன காட்டப் போகிறீர்கள், அதில் எந்த இடத்தில் எந்தச் சத்தம் வரும் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். அறையை முழு இருட்டாக்க வேண்டாம். கதவருகே இரண்டு நாற்காலிகளைக் காலியாக விட்டு, இடையில் எழுந்து போகிறவரைப் பின்தொடர்ந்து போய் விசாரிக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள். படம் முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருக்க ஏற்பாடு செய்ய முடிந்தால் நல்லது. தேநீர் கொடுத்தால் தானாக நடக்கும்.